ஒரு வயதுக்குள் டே கேரில் குழந்தை என்னதான் கற்றுக்கொள்கிறது?

சென்னையில் ஓஎம்ஆர், கோவையில் சரவணம்பட்டி என்று ஐடி கம்பெனிகள் கூட்டமாக இருக்கிற பகுதியில் ஏதாவது ஒரு டே கேருக்குள் நுழைந்து பாருங்கள். வரவேற்பறைச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருப்பார்கள். ஒன்பதரைக்கு ரைம்ஸ், பத்தேகாலுக்கு சென்சரி ப்ளே, பதினொரு மணிக்கு ஃபிளாஷ் கார்டு, மதியத் தூக்கத்துக்கு அப்புறம் மியூசிக். எந்த வயதுக்கு என்று கேட்டால் ஆறு மாதத்திலிருந்து என்பார்கள். ஆறேழு மாதக் குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி. டே கேரில் இருக்கிற ஒன்பது மணி நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் தூக்கத்திலேயே போய்விடும். நாலைந்து தடவை டயப்பர் மாற்ற வேண்டும், பால், கூழ், மசித்த சாதம் என்று நாலு தடவையாவது ஊட்ட வேண்டும், வாய் துடைத்துச் சட்டை மாற்ற வேண்டும், நடுவில் அழுதால் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த அட்டவணைக்கு இடமே இல்லை. அது பெற்றோர் பார்ப்பதற்காக ஒட்டியது.

இதற்காக டே கேர்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கட்டணம் கட்டுகிற நாம்தான் "என்ன சொல்லித் தருவீங்க?" என்று கேட்கிறோம், அவர்களும் ஏதாவது காட்டியாக வேண்டியிருக்கிறது. நான் சொல்ல வருவது, கணக்கிலிருந்து கழித்துவிட்டோமே அந்த நேரம், அந்த டயப்பரும் ஊட்டலும் தூங்க வைத்தலும், ஒரு வயதுக்குள் நடக்க வேண்டிய கற்றலில் பெரும்பகுதி அதற்குள்தான் நடக்கிறது என்பதை. ஆகவே டே கேர் தேடும்போது அந்த வேலைகளை யார் செய்கிறார்கள், எத்தனை குழந்தைக்கு ஒருவர், எவ்வளவு அவசரத்தில் செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும், பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் இந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம், சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது (ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் பழையபடி 12 வாரம்தான்). அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஆக, தனியார் வேலையில் இருக்கிற அம்மா திரும்பப் போகும்போது குழந்தைக்கு நாலு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகியிருக்கும். தமிழக அரசு ஊழியராக இருந்தால் கதை வேறு, அவர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத விடுப்பு. ஒரே தெருவில் இருக்கிற இரண்டு அம்மாக்களில் ஒருவர் பிள்ளை நடக்க ஆரம்பிக்கிற வரை வீட்டில் இருக்கலாம், இன்னொருவர் பிள்ளை குப்புற விழுந்து உட்காரப் பழகுகிற சமயத்திலேயே கொண்டுபோய் விட்டாக வேண்டும்.

அதே திருத்தம்தான் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் பல அலுவலகங்கள் வெளியே ஏதோ ஒரு டே கேரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன, அது அலுவலகத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும், நாலு தடவை என்பது காகிதத்தோடு நின்றுவிடும். இந்த ஏற்பாடு ஐடி காலத்துப் புதுசும் அல்ல. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது, 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பகம் வேண்டும் என்றது. கடல் தாண்டி இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் குழந்தையைப் பிள்ளை மடுவம் என்ற தோட்டத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனது தலைமுறைக் கதை. காப்பகம் என்றால் குழந்தை விழுந்து அடிபடாமல், பட்டினி கிடக்காமல் சாயங்காலம் வரை இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அன்றைக்கு விஷயம் முடிந்துவிட்டது. இன்றைக்கு அதற்கு மேல் "கற்றல்" என்று ஒன்றைக் கேட்கிறோம், கேட்பதில் தப்பில்லை, எங்கே தேடுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

சரி, டயப்பர் மாற்றுவதில் அப்படி என்ன பாடம் இருக்கிறது? ஒரே வேலை இரண்டு விதமாக நடப்பதைப் பாருங்கள். ஒரு ஆயாம்மா வருகிறார், தரையில் கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருக்கிற எட்டு மாதக் குழந்தையைப் பின்னாலிருந்து அப்படியே அள்ளித் தூக்குகிறார், மேசையில் கிடத்துகிறார், பக்கத்து ஆயாம்மாவிடம் வீட்டு வாடகை ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டே கால் இரண்டையும் ஒரு கையில் பிடித்துத் தூக்கித் துடைத்து, மாட்டி, இறக்கிவிட்டு அடுத்த குழந்தையை எடுக்கிறார். ஒன்றரை நிமிஷம். சுத்தமாகத்தான் செய்தார், குறையில்லை. இன்னொருவர் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்கிறார். "தங்கம், நனைஞ்சு போச்சா, மாத்திக்கலாமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டுகிறார், நீட்டிவிட்டு ஒரு கணம் நிறுத்துகிறார். குழந்தை கிண்ணத்தைப் பார்க்கிறது, அவரைப் பார்க்கிறது, கையைத் தூக்குகிறது. மேசையில் போட்டதும் "இப்ப கால் தூக்குவோம்" என்கிறார், குழந்தை இடுப்பை லேசாக எக்குகிறது. ஈரத் துணியைக் காட்டி "சில்லுனு இருக்கும்" என்கிறார், குழந்தை வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது, துணி படும் முன்னாலேயே. நாலு நிமிஷம் ஆகிறது.

அந்த நாலு நிமிஷத்தில் என்னென்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு செயல் வரும் என்று எதிர்பார்க்கக் கற்றது. கால், சில், மேலே, முடிஞ்சுது என்ற சொற்கள் உடம்பில் நடக்கிற ஒன்றோடு சேர்ந்து காதில் விழுந்தன. நான் கையைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் அதற்கு ஏற்ற மாதிரி ஏதோ செய்கிறார் என்பது புரிந்தது. இது ஒரு நாளில் நாலைந்து தடவை, வாரத்தில் ஐந்து நாள், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும், வேறு எந்த ஆக்டிவிட்டியும் இந்த எண்ணிக்கையில் நடக்கப்போவதில்லை.

இதை ஒரு முறையாகவே ஆக்கியவர் எம்மி பிக்லர் என்ற ஹங்கேரிய குழந்தை மருத்துவர். 1946இல், போர் முடிந்த கையோடு, புடாபெஸ்டில் பெற்றோர் இல்லாத, அல்லது வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத குழந்தைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். அது இருந்த தெருவின் பெயரால் லோட்சி என்றே உலகம் முழுக்க அறியப்பட்டது. அந்தக் காலத்து அநாதை இல்லக் குழந்தைகளின் நிலைமை எல்லோருக்கும் தெரிந்தது, சாப்பாடும் மருந்தும் கிடைத்தும் குழந்தைகள் வாடிப்போவார்கள், யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். பிக்லருக்கும் வேலையாட்கள் எண்ணிக்கை அளவோடுதான் இருந்தது, ஒவ்வொரு குழந்தையையும் நாள் முழுக்க மடியில் வைத்துக்கொள்ள முடியாது. அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது மூன்றையும் எப்படியும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகச் செய்துதானே ஆக வேண்டும், அந்த நேரத்தை அவசரமில்லாமல் அந்த ஒரு குழந்தைக்கே முழுசாகக் கொடுப்போம், செய்வதற்கு முன் சொல்லுவோம், குழந்தை பதில் காட்டுகிற வரை காத்திருப்போம். மிச்ச நேரத்தில் குழந்தையைப் பாதுகாப்பான தரையில் விட்டுவிட்டு அதன் போக்கில் விளையாட விடுவோம். ஊட்டுகிற வரிசையைக்கூட மாற்ற மாட்டார்கள், தன் முறை எப்போது வரும் என்று குழந்தைக்கே தெரியட்டும் என்று. லோட்சி இரவும் பகலும் தங்குகிற இல்லம், நம் டே கேர் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற இடம், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஆட்கள் குறைவாக இருக்கிற இடத்தில் எந்த நேரத்தைக் காப்பாற்றுவது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

ஊட்டுவதிலும் இதே கதைதான். நம் ஊர் டே கேர்களில் பதினொன்றரை பன்னிரண்டு மணிக்குப் போனால் அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி, நாலு குழந்தைகளை உயர நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்து, எதிரில் டிவியில் ரைம்ஸ் ஓட, ஒரே ஆள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஸ்பூனோடு போய் வருவது. வீட்டிலும் நாம் அதைத்தானே செய்கிறோம், "போன் காட்டினாதான் வாயைத் திறக்கிறான்" என்று. இதில் இழப்பது எது என்று காட்டுகிற ஒரு ஆய்வு உண்டு. 2003இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா குல் என்பவரின் குழு, ஆங்கிலம் பேசுகிற வீடுகளிலிருந்து ஒன்பது மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சீனம் பேசுகிறவர்களை நேரில் உட்கார வைத்து 12 அமர்வுகள் விளையாடவும் புத்தகம் படித்துக் காட்டவும் செய்தது. அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன, தைவானில் அதே மொழியில் வளர்கிற குழந்தைகளுக்கு ஈடாக. அதே ஆட்கள், அதே புத்தகம், அதே நேரம், ஆனால் டிவி வழியாகக் காட்டியபோது ஒன்றுமே ஏறவில்லை. வெறும் ஒலிப்பதிவு கேட்ட குழந்தைகளுக்கும் அப்படியே. ஒரு வயதுக் குழந்தைக்குக்கூடத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் கண்ணுக்குக் கெடுதல் என்கிற அளவில்தான் நம் வீடுகளில் புரிந்துகொள்கிறார்கள். அந்தத் திரை ஓடுகிற நேரம் ஒரு மனித முகத்திடமிருந்து பறித்த நேரம் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

முகம் என்று சொன்னதால் இன்னொன்று. 1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் செய்த சோதனை ரொம்பப் பிரபலம். அம்மா குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருப்பார், திடீரென்று முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இரண்டு மூன்று நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், எதுவும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்று நாலு மாதத்திலேயே குழந்தை எதிராளியிடமிருந்து பதிலை எதிர்பார்க்கிறது என்பதுதான் விஷயம். மடியில் குழந்தையையும் கையில் போனையும் வைத்துக்கொண்டு இருக்கிறவர் முகம் கிட்டத்தட்ட அந்தச் சோதனை முகம்தான், அது ஆயாம்மாவாக இருந்தாலும் சரி, அம்மா அப்பாவாக இருந்தாலும் சரி.

மொழி விஷயத்தில் நம் ஊர் டே கேர்களில் எனக்குக் கடுப்பேற்றுகிற ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிறைய இடங்களில் நிர்வாகம் ஆயாம்மாக்களிடம் "குழந்தைங்ககிட்ட இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறது. கேட்கிறது பெற்றோர்தான், அது வேறு. அந்த ஆயாம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கம், சிட், ஈட், நோ, ஒன்றிரண்டு குட் கேர்ள். தமிழில் விட்டால் "அச்சச்சோ, யாரு என் ராசாவ அடிச்சது, இந்தச் சுவரா, வா நாம சுவர அடிக்கலாம்" என்று மூச்சு விடாமல் பேசக்கூடியவர், நாள் முழுக்கப் பத்துச் சொல்லோடு வாயை மூடிக்கொண்டிருக்கிறார். குழந்தைக்கு அந்த வயதில் வேண்டியது சரளமாக, உணர்ச்சியோடு, தன்னைப் பார்த்துப் பேசுகிற ஒரு ஆள். எந்த மொழி என்பது இரண்டாம் பட்சம். தமிழ் ஆயாம்மாவும் தெலுங்கு அம்மாவும் இந்தி பேசுகிற அப்பாவும் இருந்தால் குழந்தை குழம்பிப்போகும் என்று பயப்படத் தேவையில்லை. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்கவைத்தார்கள், நமக்கும் பழக்கமான வேறுபாடுதான் அது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்துக் கேட்டார்கள், பத்து பன்னிரண்டு மாதம் ஆனவர்களில் மிகச் சிலரால்தான் முடிந்தது. கேட்காத ஒலியைக் காது ஒரு வயதுக்குள் தள்ளிவிட ஆரம்பிக்கிறது என்றால், டே கேருக்குப் போகிற அந்த ஆறு மாதம்தான் தமிழின் ற, ழ, ண எல்லாம் நிறையக் காதில் விழ வேண்டிய காலம். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் எப்படியும் வந்துவிடும்.

உடம்பு வளர்ச்சிக்கு வருவோம். நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகையையே வைத்து குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பருவங்களாகப் பிரித்தார்கள்: ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடுகிற செங்கீரை, ஒன்பதில் உட்கார்ந்து கை கொட்டுகிற சப்பாணி, ஒரு வயதை ஒட்டித் தளர்நடை போட்டு வருகிற வருகை. வரிசை இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது. மாதக் கணக்கைத்தான் கறாராக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். தவழாமலேயே நேராக எழுந்து நிற்கப் போகிற குழந்தைகள்கூட நூற்றில் நாலு பேர் உண்டு. டே கேர் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்துக் குழந்தை நடக்கிற வீடியோ வந்ததும் நமக்கு வயிற்றைப் பிசைகிறதே, அதற்கு இந்த இடைவெளியை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

நடக்கக் கற்பது என்றால் என்ன என்று நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 12 முதல் 19 மாதக் குழந்தைகள் இஷ்டத்துக்கு விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தன, 17 தடவை விழுந்தன. 17 தடவை! இதை ஒரு டே கேர் நடத்துகிறவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு சின்ன வீக்கம் நெற்றியில் இருந்தால் சாயங்காலம் பெற்றோர் சிசிடிவி பதிவைக் கேட்கிறார்கள், அடுத்த நாள் கூகுளில் ஒரு ஸ்டார் போடுகிறார்கள். அவர் என்ன செய்வார்? விழ முடியாத இடத்தில் குழந்தையை வைப்பார். உயர நாற்காலி, பவுன்சர், வாக்கர், சுற்றித் தலையணை. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை, புகார் இல்லை, நாள் முழுக்கத் தரையில் ஒரு மணி நேரம்கூட உருளவில்லை என்பது எந்தப் பதிவிலும் வராது. ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை எதிலும் கட்டிப்போட்டு வைக்கக் கூடாது என்கிறது முன்னே சொன்ன 2019 வழிகாட்டி. உருளைச் சக்கரம் வைத்த வாக்கரைக் கனடா 2004இல் விற்பனையிலிருந்தே தடை செய்துவிட்டது, படிக்கட்டில் உருண்டு விழுகிற விபத்துகள் காரணமாக. நம் பழைய மர நடைவண்டி வேறு வகை, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போக முதலில் குழந்தையே எழுந்து நின்றாக வேண்டும்.

பிக்லரும் இந்த இடத்தில் பிடிவாதமானவர், தானாக உட்காரத் தெரியாத குழந்தையை உட்கார வைக்கவே கூடாது என்பார். அவ்வளவு கறாராக நம் வீடுகளில் முடியாது, தாத்தா பாட்டி விடமாட்டார்கள், நானும் அந்தளவுக்குப் போக மாட்டேன். குழந்தை தரையில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

விளையாட்டுச் சாமான் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர், உட்காரத் தெரிந்து இன்னும் தவழாத குழந்தைகளுக்கு ஒரு கூடை நிறைய வீட்டுப் பொருட்களை வைத்துப் பக்கத்தில் பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கும் முறையைப் பரப்பினார். பிளாஸ்டிக் கிடையாது, மரம், உலோகம், துணி, தோல், பிரஷ் என்று எடை, வழவழப்பு, குளிர்ச்சி எல்லாம் வேறு வேறாக. நமக்கு இதற்குக் கடைக்குப் போகவே வேண்டாம். எவர்சில்வர் டம்ளர், மரக் கரண்டி, தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சி, பருப்பு மத்து, பனை ஓலைப் பெட்டி. வாய்க்குள் முழுசாகப் போகாத அளவு, உடைந்து சிதறாதது, தினமும் கழுவக்கூடியது, அவ்வளவுதான் நிபந்தனை.

பத்து மாதக் குழந்தை ஒன்று டம்ளரைக் கீழே போடுவதைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறீர்களா? முதல் தடவை கை தவறி விழுகிறது, டங் என்று சத்தம், குழந்தை திடுக்கிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறது. எடுத்துக் கொடுக்கிறோம். இரண்டாவது தடவை டம்ளரைப் பார்த்துக்கொண்டே விரலைத் திறக்கிறது. மூன்றாவது தடவை நம்மைப் பார்த்துக்கொண்டே. நாலாவதில் கையைப் பக்கவாட்டில் நீட்டி வேறு இடத்தில் போடுகிறது, அது பாய் மேல் விழுந்து சத்தம் வரவில்லை, குழந்தை குனிந்து பாயையே பார்க்கிறது. பியாஜே என்ற உளவியலாளர் தன் சொந்தக் குழந்தைகளை உட்கார்ந்து கவனித்து எழுதியது இந்த மாதிரிக் காட்சிகளைத்தான். அப்புறம் ஐந்தாவது தடவை எடுத்துக் கொடுக்க அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் கேள்வி. நாலு குழந்தைக்கு ஒருவர் என்றால் ஒருவேளை இருப்பார். பத்துக்கு ஒருவர் என்றால் டம்ளரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எண்ணிக்கைக்கு வந்துவிட்டோம். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒரு ஆள் கட்டாயம். நம் ஊரில் தனியார் டே கேரில் யாரும் போய் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கன்வாடியில் பெரும்பாலும் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். அங்கே தினமும் வந்து உட்காருவது பெரிய பிள்ளைகள், இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சத்துமாவும் எடை பார்ப்பதும் வீட்டுக்குப் போய் விசாரிப்பதும்தான். பிறப்பு முதல் மூன்று வயது வரை என்ன செய்ய வேண்டும் என்று மத்திய அரசு நவசேதனா என்ற பெயரில் ஒரு வழிமுறையை 2024இல்தான் கொண்டுவந்தது.

அடுத்து, அதே ஆளா என்பது. எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தைக்குப் பழகிய முகம், பழகாத முகம் என்ற பேதம் உறைக்க ஆரம்பிக்கும். அதுவரை யாரிடமும் போன குழந்தை அம்மா குளியலறைக்குப் போனாலே கத்தும். 26 வார விடுப்பு முடிந்து ஒன்றிரண்டு மாதம் ஒழுங்காகப் போன குழந்தை திடீரென்று டே கேர் வாசலில் அழுவது பெரும்பாலும் இதனால்தான், அங்கே யாரோ அடித்திருப்பார்களோ என்று முதலில் நினைக்க வேண்டாம். "கண்ணு மறைவா போயிடுங்க மேடம், அப்புறம் சரியாயிடும்" என்று சொல்வார்கள். நிஜமாகவே அழுகை சீக்கிரம் நிற்கும், ஆனால் அம்மா எந்த நிமிஷமும் மறைந்துபோகலாம் என்று குழந்தை கற்றுக்கொண்டுவிடும், வீட்டிலும் புடவைத் தலைப்பை விடாது. சொல்லிவிட்டுப் போவதே நல்லது, அழுதாலும். ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்று உண்டு: முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருப்பார்கள், பிரிவது பற்றிப் பேச்சே இல்லை, நாலாவது நாள்தான் சில நிமிஷம் வெளியே போய்ப் பார்ப்பார்கள், குழந்தை அந்த ஒரு குறிப்பிட்ட பராமரிப்பாளரிடம் சமாதானம் ஆகிறதா என்று பார்த்துத்தான் நேரத்தைக் கூட்டுவார்கள். நம் ஊரில் விடுப்பு முடிகிற திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய் விடுகிறோம். விடுப்பின் கடைசி வாரத்தை இதற்கென்று ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள்.

அந்த ஒருவர் நிலைத்திருக்க வேண்டும் என்றால் அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வர வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை. மாதம் பதினைந்தாயிரம் கட்டணம் வாங்கி ஆயாம்மாவுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்கிற இடத்தில், தெரு முனையில் சூப்பர் மார்க்கெட் ஆயிரம் ரூபாய் கூடத் தந்தால் அவர் போய்விடுவார், குழந்தை புதுமுகத்தோடு முதலிலிருந்து ஆரம்பிக்கும். டே கேர் பார்க்கப் போகும்போது ரைம்ஸ் பட்டியலுக்குப் பதிலாக, இங்கே ரொம்ப நாளாக இருக்கிற அக்கா யார், எத்தனை வருஷமாக இருக்கிறார், அவரிடம் ஐந்து நிமிஷம் பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள், விடமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

குற்ற உணர்ச்சியோடு இதைப் படிக்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. (அப்பாக்களுக்கு ஏனோ அது வருவதே இல்லை.) அமெரிக்காவில் 1991இல் தொடங்கி பத்து இடங்களில் 1,364 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. டே கேரில் இருப்பதனாலேயே தாய் சேய்ப் பாசம் கெட்டுவிடுவதில்லை என்று அது கண்டது. நல்ல பராமரிப்பு கிடைத்த குழந்தைகள் மொழியிலும் அறிதிறனிலும் சற்று மேலே இருந்தார்கள். நீண்ட நேரம் விடப்பட்டவர்களிடம் முரட்டுத்தனம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. எல்லாவற்றையும்விட வீட்டுச் சூழலின் தாக்கம்தான் பெரிதாக இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் வீட்டில் நடக்கிற குளியலும் சாதம் ஊட்டலும் தூளியாட்டமும் கணக்கில் இருக்கிறது.

டே கேர் தருகிற தினசரிக் குறிப்பில் எத்தனை டயப்பர், எத்தனை மில்லி பால் என்று வரும். அது வேண்டியதுதான், அதோடு இன்றைக்கு எதற்குச் சிரித்தான், எதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான் என்றும் கேளுங்கள். கேட்கக் கேட்க அவரும் கவனிக்க ஆரம்பிப்பார். வரிசையாக நிறையக் குழந்தைகளைப் பார்த்த கை என்பதால், பெயர் சொன்னால் திரும்புவதில்லை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறான், மழலைச் சத்தமே இல்லை என்பதெல்லாம் நமக்கு முன்னால் அவருக்குத் தட்டுப்படும். ஆனால் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று வாயைத் திறக்க மாட்டார். நாமாகக் கேட்டால் சொல்வார். ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பவில்லை, பேச்சொலி எதுவும் வரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, டிஇஐசி என்று கேட்டால் வழி சொல்வார்கள், அங்கே பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் கட்டணம் கிடையாது.